நாற்பத்தொரு நிமிடம் நான் வயரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்

2023 ஆகஸ்ட் 19, சனிக்கிழமை, காலை பத்து மணி பதினேழு நிமிடம். வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை, காற்று அடியோடு நின்றிருந்தது. கானாடுகாத்தானில் ஹோட்டலாக மாற்றப்பட்ட ஒரு பெரிய வீட்டின் உட்பகுதியான இரண்டாம் கட்டில், பழைய சாமான் அறை ஒன்றில், ஏ.சி.யையும் மின்விசிறியையும் அணைத்துவிட்டுப் பதிவுப் பொத்தானை அழுத்தினேன்.

ஒலிப்பதிவுத் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களிடம் என் பழைய தவறுகளைச் சொல்லச் சொன்னால் சிரித்துக்கொண்டே சொல்வேன். முப்பத்தெட்டு வருடத்தில் பெரிய தவறுகள் பதினேழு. எல்லாவற்றையும் எண்ணி வைத்திருக்கிறேன். பதினாறைச் சொல்லிச் சிரிக்கலாம். இந்தப் பதினேழாவதைச் சிரிக்காமல்தான் சொல்ல முடியும்.

அந்த வீட்டில் முகப்பும், தூண்கள் சூழ்ந்த முற்றமான வளவும் பார்க்க அழகுதான். ஆனால் வழவழப்பான சுவரும் கல்தூணும் ஒரு சொல்லை மூன்றாகத் திருப்பித் தரும். அதனால் சாமான் அறையைக் கேட்டு வாங்கி, சுவரில் ஒன்பது கம்பளிகளைத் தொங்கவிட்டேன். உள்ளே மூன்று பேர். நான், மலர், சிக்கந்தர்.

நாங்கள் பதிவுசெய்த நிகழ்ச்சி எளிமையானது. கம்பெனி, சினிமா எதுவும் இல்லாமல் தாங்களே பாட்டெழுதி, பாடி, இணையத்தில் ஏற்றுகிறவர்கள் இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து, எப்படி ஆரம்பித்தாய், யாரைக் கேட்டு வளர்ந்தாய், எதை வைத்துப் பிழைக்கிறாய் என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ள வேண்டும். இது நான்காவது பதிவு. மலருக்கு முப்பத்தொரு வயது. கண்டரமாணிக்கத்து விவசாயக் குடும்பம், அரசு அலுவலகத்தில் வேலை, விடுமுறை நாளில் கிட்டார். சிக்கந்தருக்கு முப்பத்தொன்பது. காரைக்குடிக்காரர். ஷார்ஜாவில் சூப்பர் மார்க்கெட்டில் பதினோரு வருடம் இருந்துவிட்டு ஊருக்குத் திரும்பி, செல்போன் கடை வைத்திருந்தார். அவர் பாடுவது காதோடு பேசுவதுபோல் இருக்கும்.

"மொதப் பாட்ட எங்க வச்சுப் போட்டீக அண்ணே?" என்று மலர் ஆரம்பித்தார்.

"போர்வைக்குள்ள."

"பொய் சொல்லாதீக."

"நெசமாத்தான். ஒரு ரூம்ல பதிமூணு பேரு. எட்டுப் பேரு நைட் டூட்டி முடிச்சுட்டு வந்து பகல்ல படுத்துருப்பாக. வாயத் தொறந்தா செருப்பு பறந்து வரும். அதான் போர்வைய இழுத்து மூடிக்கிட்டு, போனை வாய்க்கிட்ட வச்சு மூச்சுலயே பாடுனேன். ஊருக்கு வந்த பெறகும் சத்தமாப் பாட வரல. சனங்க அத ஸ்டைலுன்னுட்டாக. நானும் ஆமான்னுட்டேன்."

"பாட்டுல காசு வருதா?"

"வருது. ரீசார்ஜுக்குச் சரியா இருக்கும். ரீசார்ஜ் பண்ணாத்தான் அடுத்த பாட்ட ஏத்த முடியும். ஏத்துனாத்தான் ரீசார்ஜுக்குக் காசு வரும்."

மலர் சிரித்த சிரிப்பில் மீட்டரில் சிவப்பு விளக்கு எரிந்தது. அடுத்து மலரின் முறை. தன் அப்பாவுக்கு வாதம் வந்து வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்ட கதையைச் சொன்னார். "அவருக்குப் பேச்சு நின்ன பெறகு வீட்ல சத்தமே இல்லாமப் போச்சு. அந்த அமைதியத் தாங்க முடியாமத்தான் நான் பாட ஆரம்பிச்சேன்." அதையும் காதில் ஹெட்போனோடு கேட்டேன். குரல் தெளிவு, அளவு சரி என்று நோட்டில் குறித்தேன். என் காது அவ்வளவுதான் கேட்டது.

பிறகு மலர், யாருடைய பாட்டு உங்களை மாற்றியது என்று சிக்கந்தரிடம் கேட்டார். அவர் பதில் சொல்லத் தொடங்கிய சிறிது நேரத்தில் ஒலி மங்கியதுபோல் எனக்குப் பட்டது. எழுத்துகளின் ஓரம் மழுங்கியிருந்தது. இயல்பிலேயே மெல்லப் பேசுகிறவர், அறையில் புழுக்கம் வேறு, ஆள் களைத்திருப்பார் என்று நினைத்தேன். குமிழைத் திருப்பிக் கூர்மையைக் கூட்டினேன். சரியானதுபோல் இருந்தது. ஐந்து நிமிடத்தில் மறுபடி மங்கியது. மறுபடி கூட்டினேன்.

எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்த முதலாளி ஒரு வரிசை வைத்திருந்தார். சத்தம் கெட்டால் முதலில் வயரைப் பார், அடுத்து மைக், அடுத்து பதிவுப் பெட்டி, கடைசியாக ஆள். வயர் கோபித்துக்கொள்ளாது, பாடுகிறவர் கோபித்துக்கொள்வார் என்பார். முப்பத்தெட்டு வருடம் அந்த வரிசை என்னைக் காப்பாற்றியது. நான் பார்த்த ஒலிக்கோளாறுகளில் பாதிக்கு மேல் வயர்தான். ஆகவே பதினொன்று இருபதுக்குப் பேச்சை நிறுத்தச் சொல்லி வயரை மாற்றினேன். ஆறு நிமிடம் ஆனது. ஒலி தேறவில்லை. பதினொன்று முப்பத்துநாலுக்கு மறுபடி நிறுத்தி மைக்கை மாற்றினேன். ஏழு நிமிடம். அந்த மைக்கை முந்தின நாள்தான் துடைத்து வைத்திருந்தேன். யாராவது கீழே போட்டிருப்பார்களோ என்று எரிச்சல்.

"சிக்கந்தர், ஒன்னுலேர்ந்து பத்து வரைக்கும் சொல்லுங்க" என்றேன்.

"ஒன்னு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு, ஆறு," என்றார். கொஞ்சம் நின்றார். "ஆறு," என்றார். பிறகு மறுபடியும், "ஆறு."

"என்ன பாய், ஷார்ஜாவுல ஏழு கெடையாதா?" என்று மலர் கேலி செய்தார். அவரும் சிரித்தார். நான் தலை நிமிரவில்லை. மீட்டரின் முள் எங்கே நிற்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு மனிதனுக்கு ஆறுக்கு அடுத்த எண் கிடைக்கவில்லை. எனக்கு அது மைக் கோளாறாகவே தெரிந்தது. எண்ணுவதே குணமாகிப்போன ஆள் நான். என் முன்னால் ஒருவர் எண்ண முடியாமல் நின்றபோது அதைக் கவனிக்கவில்லை.

மலர் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். சிக்கந்தர் குடித்தார். தண்ணீர் வாயின் வலது ஓரமாக வழிந்து சட்டையில் இறங்கியது. அவர் துடைக்கவில்லை, வழிவது அவருக்குத் தெரியவே இல்லை.

மலரின் சிரிப்பு அப்படியே நின்றது. "அண்ணே, ரெண்டு கையையும் தூக்குங்க" என்றார். இடது கை உயர்ந்தது. வலது கை பாதி வரை வந்து, யாரோ பிடித்து இழுத்ததுபோல் மெதுவாகக் கீழே போனது.

"சார், ஹெட்போனைக் கழட்டுங்க. அவுக மூஞ்சியப் பாருங்க. எங்கப்பாவுக்கு இப்படித்தான் ஆச்சு."

பார்த்தேன். ஒன்றரை மணி நேரமாக எனக்கு ஐந்தடி தூரத்தில் இருந்த முகத்தை அப்போதுதான் பார்த்தேன். வலது பக்கம் தொங்கியிருந்தது. மணி பதினொன்று ஐம்பது.

ஹோட்டல் வேனில் ஏற்றிக் காரைக்குடி ஆஸ்பத்திரிக்குப் போனோம். அங்கிருந்த மருத்துவர் பார்த்ததும் சொல்லிவிட்டார்: மூளைக்குப் போகும் ரத்தக்குழாயில் அடைப்பாக இருக்கலாம், ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி மதுரையில்தான் இருக்கிறது, நிற்காமல் போங்கள். ஆம்புலன்சும் அவரே ஏற்பாடு செய்தார். சிக்கந்தரின் மனைவி நபீசாவுக்கு மலர் போன் செய்தார். "அவுகளுக்குச் சுகர் கூடக் கெடையாதே" என்று மட்டும் போனில் திரும்பத் திரும்பக் கேட்டது. தம்பி வந்ததும் அவர் காரில் பின்னால் வருவதாக நபீசா சொன்னார். வண்டிக்குள் சிக்கந்தர் என்னைப் பார்த்து ஏதோ சொல்ல முயன்றார். சொல் வரவில்லை. இடது கையால் என் மடியில் இருந்த பதிவுக் கருவியைத் தொட்டுக் காட்டினார். பத்திரமாக இருக்கிறதா என்று கேட்கிறார் என்று நினைத்து, இருக்கிறது என்று தலையாட்டினேன்.

மதுரை போய்ச் சேர்ந்தது இரண்டு நாற்பது. ஸ்கேன் எடுத்து முடிக்க மூன்று. வெளியே வந்த மருத்துவர் இளம் வயதுப் பெண். உங்களில் ஒருவர் வயதுதான் இருக்கும். ஒரே கேள்விதான் கேட்டார்.

"இவர் கடைசியா நல்லா இருந்தது எப்ப? சரியான நேரம் வேணும்."

"பதினொன்னு அம்பது இருக்கும்," என்றார் மலர். "அப்பத்தான் தண்ணி வழிஞ்சது."

மருத்துவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நோய் தொடங்கி நாலரை மணி நேரத்துக்குள் அந்த ஊசியைப் போட வேண்டும், நேரம் தாண்டினால் தலைக்குள் ரத்தம் கசிந்து உயிருக்கே ஆபத்தாகலாம் என்று விளக்கினார். "பதினொன்னு அம்பதுன்னா நாலு இருபது வரைக்கும் நேரம் இருக்கு. அவர் மனைவி வரட்டும். ரிஸ்க்கைச் சொல்லி, கையெழுத்து வாங்கிட்டுப் போட்டுடலாம்."

நபீசா வந்து சேர நாலு மணியாகும். கணக்கு சரியாகத்தான் இருந்தது. ஆனால் அந்தப் பதினொன்று ஐம்பது, மலர் பார்த்த நேரம். நான் கேட்ட நேரம் எது?

நடையில் இருந்த பெஞ்சில் உட்கார்ந்து ஹெட்போனை மாட்டினேன். பதிவைப் பின்னோக்கி ஓட்டினேன். மைக் மாற்றியதற்கு முன்னால் கேட்டேன், மழுங்கல் இருந்தது. வயர் மாற்றியதற்கு முன்னால் கேட்டேன், இருந்தது. இன்னும் பின்னால் போனேன். ஓரிடத்தில் அவர், 'போவைக்குள்ள கேட்டதுதான்' என்கிறார். 'போர்வை'யில் ர் இல்லை. முதல் கேள்விக்குச் சொன்ன 'போர்வைக்குள்ள'வைத் தேடிப் போட்டேன். அதில் ர் சுத்தமாக இருந்தது. இரண்டையும் நான்கு தடவை மாற்றி மாற்றிக் கேட்டேன். கருவியின் கடிகாரம் 11:12 என்றது. அது மூன்று நிமிடம் முந்தி ஓடும் என்பது எனக்குத் தெரியும், போனை வைத்துச் சரிபார்த்துக் கழித்தேன். பதினொன்று ஒன்பது.

அதற்கு அடுத்த நொடியில் என் குமிழ் திரும்பும் சத்தம் பதிவில் லேசாகக் கேட்கிறது. அதாவது, எனக்கு அப்போதே தெரிந்திருக்கிறது. பதினொன்று ஒன்பதிலிருந்து பதினொன்று ஐம்பது வரை, நாற்பத்தொரு நிமிடம்.

பதினொன்று ஒன்பதோடு நாலரை மணி நேரத்தைக் கூட்டினால் மூன்று முப்பத்தொன்பது. அப்போது மணி மூன்று பன்னிரண்டு. மலரிடம் சொன்னேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சொல்லாதீக சார்."

"என்னம்மா சொல்றீங்க?"

"நேரம் பத்தாதுன்னு ஊசியே போடாம விட்டுட்டாகன்னா? எங்கப்பாவ அப்படித்தான் திருப்பி அனுப்புனாக, லேட்டாயிருச்சுன்னு. அவரு ஆறு வருசம் ஒத்த வார்த்தை பேசாமக் கெடந்தாரு. அம்பதுன்னே இருக்கட்டும் சார். ஒரு 'ர்' கேக்கலைங்குறத வச்சு நீங்க என்னத்தச் சொல்லப் போறீக?"

அவர் சொன்னதும் எனக்கு நியாயமாகத்தான் பட்டது. அதை ஒளிக்காமல் உங்களிடம் சொல்கிறேன். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சொல்லாமல் விட்டால் என் நாற்பத்தொரு நிமிடமும் யாருக்கும் தெரியாமல் போகும் என்பது அந்த நேரத்திலும் என் மனதில் ஓடியது. உள்ளே ஒருவர் பேச்சிழந்து கிடக்கும்போது, என் பெயர் கெடாமல் இருக்கும் வழியை ஒரு மூலையில் பார்த்துக்கொண்டிருந்தேன். அது எனக்கு அன்றைக்கு இரண்டாவது அதிர்ச்சி.

எழுந்து போய் மருத்துவரிடம் ஹெட்போனை நீட்டினேன். "இந்தச் சொல்லைக் கேளுங்கள், அப்புறம் இதைக் கேளுங்கள்." இரண்டையும் கேட்டார். முகம் மாறியது. "இது எப்ப?" என்றார். "பதினொன்று ஒன்பது" என்றேன். "நிச்சயமா?" என்றார். "நான் அப்போது குமிழைத் திருப்பினேன்" என்றேன். அது என்ன பதில் என்று அவருக்குப் புரிந்திருக்காது.

அவர் ஓடினார். ஒரு மருத்துவர் ஆஸ்பத்திரி நடையில் ஓடி அன்றைக்குத்தான் பார்த்தேன். நபீசாவைப் போனில் பிடித்து, காரில் வந்துகொண்டிருந்தவரிடமே ஆபத்தைச் சொல்லி, சம்மதம் வாங்கினார்கள். மூன்று இருபத்தேழுக்கு ஊசி ஏறத் தொடங்கியது. பன்னிரண்டு நிமிடம் மிச்சம். மனைவி வரட்டும் என்று காத்திருந்தால், நேரம் தாண்டியது தெரியாமலே நாலு மணிக்கு மேல் போட்டிருப்பார்கள். என்ன ஆகியிருக்கும் என்று அந்த மருத்துவரிடம் பிறகு கேட்டேன். "அதைக் கேக்காதீங்க" என்று சொல்லிவிட்டார்.

நாலு ஐந்துக்கு நபீசா வந்தார். நடந்ததை அவரிடம் நான்தான் சொன்னேன். வயர் மாற்றியதையும் மைக் மாற்றியதையும் எண்ணச் சொன்னதையும் ஒன்று விடாமல் சொன்னேன். அவர் அழவில்லை. முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு என்னையே பார்த்தார்.

"நாப்பத்தோரு நிமிசமா?" என்றார். "ஆனா நீங்க கேட்டுக்கிட்டேதானே இருந்தீக?"

 

மூன்றாம் நாள் வலது கை திரும்ப வந்தது. ஒன்பதாம் நாள் நடந்தார். பேச்சுதான் அடம்பிடித்தது. என்ன சொல்ல வேண்டும் என்று உள்ளே தெரிந்தது, சொல்லைத் தேடி எடுக்க முடியவில்லை. மனைவியின் பெயருக்கு ஒரு முழு நிமிடம் ஆனது. வாரம் ஒரு நாள், வியாழக்கிழமை, மதுரையில் பேச்சுப் பயிற்சிக்கு வரச் சொன்னார்கள். கடையை நபீசா பார்த்துக்கொண்டிருந்தார். வண்டி வாடகையை நான் தருகிறேன் என்று கடைக்குப் போய்ச் சொன்னேன்.

நபீசா ஒருவருக்குச் சார்ஜரைக் கொடுத்து, சில்லறையை எண்ணிக் கொடுத்துவிட்டு என்னிடம் திரும்பினார். "காசு குடுத்துக் கழிச்சுரலாம்னு நெனைக்காதீக. குடுக்குறதா இருந்தா நீங்களும் அந்த வண்டில உக்காந்து போங்க. போக ரெண்டு மணி நேரம், வர ரெண்டு மணி நேரம். அவுக பேசுவாக, தப்பும் தவறுமாப் பேசுவாக. நீங்க பக்கத்துல இருந்து கேளுங்க. பெட்டி, கிட்டி எதையும் கொண்டு போகாதீக."

போனேன். முதல் வியாழக்கிழமை அவர் சொன்னது மொத்தம் பத்தொன்பது சொற்கள். எழுத நோட்டு இல்லாமல் விரலில் எண்ணினேன். திருப்பத்தூர் தாண்டியதும் அவர் வெளியே பார்த்து ஏதோ தேடினார். 'மாடு' என்ற சொல் வருவதற்குள் மாடு போய்விட்டது. நான் எடுத்துக் கொடுக்க வாயைத் திறந்தேன். அவர் கையை உயர்த்தி நிறுத்தினார். அவரே தேட வேண்டும், நான் சும்மா இருக்க வேண்டும். தொழில் முழுக்க மற்றவர்களின் ஒலியைச் சரிசெய்தே பழகியவனுக்கு அது எவ்வளவு கஷ்டம் என்பதை உங்களால் ஊகிக்க முடியும்.

ஏழாவது தடவை, அன்றைக்கு ஆம்புலன்சில் பெட்டியைத் தொட்டு என்ன சொல்ல வந்தார் என்று கேட்டேன். கொட்டாம்பட்டியில் ஆரம்பித்த பதில் வெகு தூரம் தாண்டி மேலூரில் முடிந்தது. பத்திரமா என்று அவர் கேட்கவில்லை. 'நீங்கள் என் குரலைக் கேட்டுக்கொண்டிருந்தீர்கள்தானே, எனக்கு என்ன ஆயிற்று?' என்று என்னிடம் கேட்டிருக்கிறார். நான் தலையாட்டியிருக்கிறேன்.

ஆகவே உங்களுக்குச் சொல்கிறேன். வரிசையை மாற்றிக்கொள்ளுங்கள். சத்தம் கெட்டால் முதலில் ஆளைப் பாருங்கள். ஹெட்போனைக் கழற்றிவிட்டு, முகத்துக்கு நேரே பாருங்கள். கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும். வாய் ஒரு பக்கம் போகிறதா, கை இறங்குகிறதா என்று பார்க்க இருபது வினாடி போதும். அதன் பிறகு வயரிடம் போங்கள். மங்கலாகக் கேட்டதைக் குமிழால் கூர்மையாக்கிவிட்டால் கோளாறு தீர்ந்ததாக நினைக்காதீர்கள். எத்தனை மணிக்குத் திருப்பினோம் என்பதையாவது குறித்துவையுங்கள்.

அன்றைய பதிவு வெளியாகவில்லை. சிக்கந்தர் இன்னும் பாடவில்லை. மெட்டை மேசையில் தட்டிக் காட்டுகிறார், மலர் பாடுகிறார், இருவர் பெயரிலும் ஏற்றுகிறார்கள். இரண்டு பாட்டு வந்திருக்கிறது.

பயிற்சியின் கடைசி வியாழக்கிழமை, வண்டியை நிறுத்திவிட்டு வந்த டிரைவரிடம் சிக்கந்தர் சொன்னார்: "ரசீது வாங்கிட்டீகளா? வாங்கலேன்னா சாருக்கு இன்னிக்கு ராத்திரி தூக்கம் வராது." எங்கும் நிற்காமல் எட்டுச் சொற்கள். டிரைவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை, முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டேன். டிரைவர் பார்க்கிங் ரசீதை என்னிடம்தான் கொடுத்தார்.

முப்பத்தொரு வியாழக்கிழமை. வண்டி வாடகை தடவைக்கு 2,800 வீதம் 86,800. மூன்று பேருக்கு டீ, போக வர, 2,790. பார்க்கிங் 930. ஆக மொத்தம் 90,520 ரூபாய்.